பரிசு பெறாத வடிவம் எந்தக் கேள்விக்கு விடை?

அத்தியாயம் 7

2009 மார்ச் 5 அன்று மத்திய நிதி அமைச்சகம் ஒரு போட்டியை அறிவித்தது. டாலருக்கும் பவுண்டுக்கும் யென்னுக்கும் யூரோவுக்கும் இருப்பதுபோல இந்திய ரூபாய்க்கும் ஒரு குறியீடு வேண்டும். யார் வேண்டுமானாலும் வரைந்து அனுப்பலாம். 3,331 வடிவங்கள் போய்ச் சேர்ந்தன. அவற்றில் ஐந்து இறுதிப் பட்டியலுக்கு வந்தன. 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை அந்த ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. வரைந்தவர் டி. உதயகுமார். நம் கிண்டியில், அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளியில் படித்தவர். பிறகு மும்பை ஐஐடியில் வடிவமைப்பு பயின்று, தமிழ் எழுத்து வடிவங்களைப் பற்றி முனைவர் ஆய்வு செய்தவர். அவருக்குக் கிடைத்த பரிசு இரண்டரை லட்சம் ரூபாய்.

மீதி 3,330 வடிவங்கள். அவற்றில் ஒன்று என்னுடையது.

இந்த நூலின் மற்ற அத்தியாயங்களில் ஒரு வடிவத்தை எப்படி உருவாக்குவது என்று பார்த்தோம். இந்த அத்தியாயம், அனுப்பிய வடிவம் தோற்ற பிறகு அதை என்ன செய்வது என்பதைப் பற்றியது. போட்டிகளில் கலந்துகொள்ளும் எவருக்கும் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம் வாய்க்கும். 3,331 வடிவங்களில் ஒன்றுதான் வெல்ல முடியும் என்றால், மற்றவற்றை வரைந்தவர்களுக்கு அந்த உழைப்பிலிருந்து என்ன மிஞ்சியது என்பதுதான் முக்கியமான கேள்வி. எதுவும் மிஞ்சாமல் போகவிடுவது பெரிய இழப்பு. எனக்கு மிஞ்சியதை உங்களுக்குத் தருகிறேன்.

என் வடிவமும் எங்கள் பெரியவரும்

அப்போது மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடி அறையொன்றில் வேலை செய்துவந்தேன். கல்யாணப் பத்திரிகை, கடைப் பெயர்ப் பலகை, மார்கழி வந்தால் சபாக்களின் கச்சேரி நிகழ்ச்சி நிரல் என்று வேலை ஓடிக்கொண்டிருந்தது. போட்டி அறிவிப்பைப் படித்த அன்றே எனக்கு வடிவம் தோன்றிவிட்டது. தமிழ் ‘ரூ’. அந்த எழுத்தின் நிமிர்ந்த காலும் வலப்பக்கம் சுழித்து முடியும் வாலும் எனக்குச் சிறு வயதிலிருந்தே பிடிக்கும். அதன் குறுக்கே இரண்டு கோடுகளை ஓடவிட்டேன். வாலைச் சுருட்டி உள்ளே ஒரு கண்போல வைத்தேன். ஏறத்தாழ அறுபது தாள்களில் வரைந்து, மிகச் சிறந்தது என்று நம்பியதை அனுப்பினேன்.

முடிவு வந்த நாளில் இரண்டு உணர்வுகள் ஒன்றாக வந்தன. வென்றவர் ஒரு தமிழர் என்ற பெருமை. என் வடிவம் இல்லையே என்ற வலி. அடுத்த இரண்டு வாரங்கள் நான் செய்ததெல்லாம் வெற்றி பெற்ற வடிவத்தில் குறை தேடியதுதான். அந்த இரண்டு வாரங்களில் நான் எதையும் கற்கவில்லை.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சிறிய அச்சகம் இருந்தது. ஈய எழுத்துக் கோத்த காலத்திலிருந்து அங்கே வேலை பார்த்த கம்பாசிட்டர் பெரியவர் ஒருநாள் மாடிக்கு வந்தார்.

“என்ன தம்பி, ரெண்டு வாரமா மொகமே சரியில்ல?”

வடிவத்தை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“அழகா இருக்கு. ஆனா தம்பி, தமிழ் தெரிஞ்சவங்களுக்கு இது ரூபா. தெரியாதவங்களுக்கு இது என்ன?”

“பழகிக்குவாங்க ஐயா.”

“அவங்க பழகுறது இருக்கட்டும். உன்கிட்ட என்ன கேட்டாங்க, நீ என்ன குடுத்த? அதச் சொல்லு மொதல்ல.” பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்தார். “இத எட்டு பாயிண்ட்ல போட்டு ஒரு பில் புஸ்தகத்துல அடிச்சுப் பாரு.”

அச்சடித்துப் பார்த்தேன். நான் ஆசையாக வைத்த அந்தக் கண்ணில் மை நிறைந்து, கறுப்புப் பொட்டாகிவிட்டது. இரண்டு குறுக்குக் கோடுகளும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிட்டன.

அன்றுதான் எனக்கு விளங்கியது. நான் வரைந்தது ஒரு நல்ல விடைதான். ஆனால் அது என்னிடம் கேட்கப்படாத கேள்விக்கு விடை. ‘தமிழ் ரூவை எவ்வளவு அழகாக எழுதலாம்?’ என்ற கேள்வியை எனக்கு நானே போட்டுக்கொண்டு, அதற்கு விடை எழுதி, வேறொரு கேள்வித்தாளோடு இணைத்து அனுப்பியிருக்கிறேன். தோற்ற வடிவங்களில் மிகப் பல இப்படித்தான் தோற்கின்றன என்பது அதன் பிறகு நான் மாணவர்களோடு பழகிக் கண்டது. வரையத் தெரியாததால் தோற்பவர்கள் குறைவு. ஆகவே தோற்ற வடிவத்தை எடுத்துக்கொண்டு கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இது எதற்கு விடை?

இனி அதை எப்படிக் கேட்பது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: பத்து நாள் தொடாதீர்கள்

முடிவு வந்தவுடன் வடிவத்தைத் திறக்காதீர்கள். வலி இருக்கும்போது கண் இரண்டு விதமாகப் பொய் சொல்லும். ஒன்று, ‘என்னுடையதுதான் சிறந்தது, நடுவர்களுக்குத் தெரியவில்லை’ என்று சொல்லும். அல்லது, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று சொல்லும். இரண்டுமே உங்களை வடிவத்தைப் பார்க்க விடாது. எல்லா வரைவுகளையும், கசக்கிப் போட்டவற்றையும்கூட, ஒரு உறையில் போட்டு மேலே தேதி எழுதி வையுங்கள். கணினியில் வரைந்திருந்தால் இறுதி வடிவத்தை மட்டுமல்லாமல் இடைப்பட்ட எல்லாக் கோப்புகளையும் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். பின்னால் உங்களுக்குப் பாடம் சொல்லப்போவது அந்த இடைப்பட்டவைதான்.

படி 2: விதித் தாளை முதல்முறை படிப்பதுபோலப் படியுங்கள்

பதினோராவது நாள் முதலில் எடுக்க வேண்டியது உங்கள் வடிவத்தையன்று, போட்டியின் விதித் தாளை. ஒரு ஏ4 தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் ‘கேட்டது’, இரண்டாவதில் ‘கொடுத்தது’, மூன்றாவதில் ‘இடைவெளி’. விதித் தாளின் ஒவ்வொரு வாக்கியத்தையும் உங்கள் சொந்த வார்த்தையில் முதல் பத்தியில் எழுதுங்கள். அப்படியே பார்த்து எழுதினால் மனம் அதைத் தாண்டிப் போய்விடும்.

என் தாள் இப்படி இருந்தது. நாடு முழுவதும் ஏற்கும்படி, நாட்டின் வரலாற்றையும் பண்பாட்டையும் சுமக்கும் வடிவம் கேட்டார்கள். நான் ஒரு மொழியின் எழுத்தைக் கொடுத்தேன். சாதாரண விசைப்பலகையில் பொருந்தும் வடிவம் கேட்டார்கள்; சுவரில் மாட்டிப் பார்க்கத் தகுந்த வடிவத்தைக் கொடுத்தேன். விசைப்பலகையில் பொருந்த வேண்டும் என்றால் விரல்நுனி அளவுள்ள ஒரு பொத்தானின் மூலையிலும் அது தெளிவாகத் தெரிய வேண்டும். அந்த ஒரு வரியை நான் ஓராண்டுக்கு முன்னமே படித்திருந்தேன். படித்தேனே தவிர, அதற்கு வரையவில்லை.

விதிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வடிவத்தின் உள்ளடக்கத்தைச் சொல்லும் விதி. மற்றொன்று, எப்படி அனுப்ப வேண்டும் என்று சொல்லும் விதி: அளவு, தாள், பிரதிகள், தேதி, கோப்பின் வகை. இரண்டாவது வகையைச் சின்ன விஷயம் என்று நினைக்கக் கூடாது. 1927இல் ஜெனீவாவில் உலக நாடுகள் சங்கத்தின் (League of Nations) தலைமையகத்துக்கு நடந்த போட்டியில் 377 வரைபடங்கள் வந்தன. சமமான முதல் பரிசு பெற்ற ஒன்பதில் கட்டடக் கலைஞர் லே கொர்பூசியேயின் வரைபடமும் ஒன்று. ஆனால் விதி கேட்டபடி இந்திய மையில் வரைந்த மூலப் படங்களை அவர் தரவில்லை, நகல்களைத் தந்தார் என்ற காரணத்தைக் காட்டி அது விலக்கப்பட்டது. அதற்குப் பின்னால் வேறு காரணங்கள் இருந்தன என்று இன்றுவரை பேசுகிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்தது அந்த மை. அவர் முடங்கிவிடவில்லை, மறு ஆண்டே அந்தத் திட்டத்தை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். பின்னாளில் சண்டிகரின் சட்டமன்றத்தையும் உயர் நீதிமன்றத்தையும் தலைமைச் செயலகத்தையும் வடிவமைத்தவர் அவரே.

உங்கள் வடிவம் விதியின் இந்தப் பக்கத்தில் தோற்றிருந்தால் அதன் அழகைப் பற்றி நீங்கள் எந்த முடிவுக்கும் வர வேண்டியதில்லை. அடுத்த முறை அனுப்புவதற்கு முன்னால் வேறொருவரை அமர்த்தி விதித் தாளை உரக்க வாசிக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அது போதும்.

படி 3: வென்ற வடிவத்தை அதே மூன்று பத்தியில் வையுங்கள்

இது கடினமான படி. வென்ற வடிவம் பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள். ‘கேட்டது’ என்ற முதல் பத்திக்கு எதிரே அது என்ன கொடுத்தது என்று மட்டும் எழுதுங்கள்.

உதயகுமாரின் வடிவத்தை அப்படி எழுதிப் பார்த்தேன். அது தேவநாகரி ரகரத்தையும் ரோமன் எழுத்தான ஆரையும் ஒன்றாக்கியது. மேலே இணையாக ஓடும் இரண்டு கோடுகள். அவை தேசியக் கொடியையும் சமம் என்ற கணிதக் குறியையும் நினைவூட்டும் என்பது அதற்குத் தரப்பட்ட விளக்கம். தேவநாகரி எழுத்துகள் மேல்கோட்டிலிருந்து தொங்குபவை. அந்த இயல்பை அது எடுத்துக்கொண்டது. ரோமன் எழுத்தின் இடப்பக்கத்துச் செங்குத்துக் காலை விட்டுவிட்டது. கால் இல்லாததால் இடப்பக்கம் திறந்திருக்கிறது. சிறிய அளவிலும் உள்ளே மை அடைக்க இடமில்லை. என் கண் அடைந்த இடத்தில் அவர் கதவையே திறந்து வைத்திருக்கிறார்.

இன்னொன்றும் எழுதினேன், அதை எழுதும்போது கை சற்று நின்றது. அவர் தமிழ் எழுத்திலேயே ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்தவர். என்னைவிடத் தமிழ் எழுத்தை நன்கு அறிந்தவர், நேசித்தவர். ஆனாலும் இந்தக் கேள்விக்கு விடை எழுத உட்கார்ந்தபோது, கேள்வி கேட்டதைத்தான் கொடுத்தார். நேசிப்பதை ஒரு கையில் வைத்துக்கொண்டு, கேட்டதை மறுகையால் எழுதுவது ஒரு தேர்ச்சி. அதை அன்று கற்றேன்.

அந்த வடிவம் 2010 அக்டோபரில் வெளியான யூனிகோடு 6.0இல் இடம்பெற்றது. 2011இல் நாணயங்களில் வந்தது. இன்று உங்கள் கைப்பேசியில் இருக்கிறது. ஒரு குறியீட்டுக்குத் தேவையான வாழ்க்கை அது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வென்ற வடிவத்தை ஆராய்வது வேறு, அடுத்த போட்டிக்கு அதைப்போலவே வரைவது வேறு. அடுத்த போட்டி வேறு கேள்வி கேட்கும். சென்ற ஆண்டின் விடையை இந்த ஆண்டுத் தாளில் எழுதினால் மறுபடியும் அதே தவறுதான்.

படி 4: தெருவில் சோதித்துப் பாருங்கள்

மேசை மேல் எல்லா வடிவங்களும் நன்றாகவே இருக்கும். நான் இப்போது மாணவர்களை மூன்று நடைக்கு அனுப்புகிறேன். உங்கள் ஊரில் இதற்கு ஈடான இடங்களை நீங்களே கண்டுகொள்ளலாம்.

மயிலாப்பூர்: கைச் சோதனை. காலை ஏழு மணிக்குத் தெற்கு மாட வீதிக்குப் போங்கள். காய்கறிக் கடைகளில் அட்டையில் சுண்ணக்கட்டியாலோ பேனாவாலோ விலை எழுதி வைத்திருப்பார்கள். கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, “அக்கா, இத ஒரு தடவ எழுதிக் காட்டுறீங்களா?” என்று கேளுங்கள். வடிவத்தை ஐந்து நொடி காட்டி, தாளைத் திருப்பிவிட வேண்டும். அவர் எதை விட்டுவிடுகிறாரோ அது உங்கள் வடிவத்தில் தேவையில்லாதது. அவர் எதை மறக்காமல் போடுகிறாரோ அதுதான் உங்கள் வடிவம். இதைப் பத்துப் பேரிடம் செய்தால் அந்தப் பத்துத் தாள்களே உங்களுக்கு ஆசிரியர்.

தி.நகர்: தூரச் சோதனை. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை 2023 மே மாதத்தில் திறக்கப்பட்ட 570 மீட்டர் நீள ஆகாய நடைபாலம் இருக்கிறது. அதிலிருந்து கீழே கடைப் பலகைகளைப் பாருங்கள். உடனே படிக்க முடிந்தவை எவை, முடியாதவை எவை என்று இரண்டு பட்டியல் எழுதுங்கள். பிறகு ரங்கநாதன் தெருவுக்குள் இறங்கி, அதே பலகைகளைக் கூட்டத்துக்கு நடுவிலிருந்து பாருங்கள். பட்டியல் மாறும். ஒரு வடிவம் தனியாக நிற்பதில்லை; ஆயிரம் வடிவங்களுக்கு நடுவில்தான் நிற்கும். உங்களுடையதை ஒரு தாளில் பெரிதாக அச்சடித்து, நண்பரை எதிர்ச்சாரியில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லிப் பாருங்கள்.

திரும்பும் வழியில் ஏதாவது ஜெராக்ஸ் கடையில் நகல் எடுங்கள். நகலுக்கு நகல், அந்த நகலுக்கு நகல் என்று ஐந்து முறை. ஐந்தாவதில் எது எஞ்சுகிறது? ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் கடையில் ஒரு சிறிய முத்திரையும் செய்து பாருங்கள். செலவு குறைவு, பாடம் பெரிது.

பெசன்ட் நகர், தரமணி: முன்னோடிச் சோதனை. தமிழில் ரூபாய்க்கு ஒரு குறியீடு நான் வரைவதற்கு வெகு காலம் முன்னமே இருந்தது: ௹. நாளுக்கும் மாதத்துக்கும் ஆண்டுக்கும் பற்றுக்கும் வரவுக்கும் தனித்தனிக் குறிகள் வைத்துக் கணக்கு எழுதிய மரபு நம்முடையது. அந்தக் குறிகள் இன்று யூனிகோடிலும் இருக்கின்றன. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற நினைப்பில் நான் அறுபது தாள் வரைந்தேன். முன்னோர் எழுதியதை ஒருநாள் உட்கார்ந்து பார்த்திருந்தால், வேகமாக எழுதும் கை எந்த வளைவை வைத்துக்கொள்ளும், எதை உதறும் என்று அவர்களிடமே கற்றிருப்பேன்.

இதற்குச் சென்னையின் தென்பகுதியில் வசதி அதிகம். பெசன்ட் நகரில் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம் இருக்கிறது. ஓலைச்சுவடி எழுத்தை அங்கே அறியலாம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுவதும் சேர்த்த பழைய நூல்களும் இதழ்களும் துண்டு வெளியீடுகளுமே அதன் வேர். முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போய், உங்கள் வடிவத்தோடு தொடர்புடைய பழைய அச்சுகளைப் பாருங்கள். உங்கள் வடிவத்துக்கு ஒரு மூத்த உடன்பிறப்பு இருந்தால், அதை இப்போதாவது சந்தித்துவிடுங்கள்.

படி 5: மற்ற தோற்ற வடிவங்களையும் பாருங்கள்

ஒவ்வொரு ஜனவரியிலும் மயிலாப்பூர் திருவிழாவின்போது வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி நடக்கும். தரையில் கட்டம் போட்டு ஆளுக்கு ஓர் இடம் ஒதுக்குவார்கள். நேரம் முடிந்ததும் எல்லாரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வரிசையாக மற்றவர்கள் கோலத்தைப் பார்த்துக்கொண்டு போவார்கள். “மாமி, உங்க கம்பி எங்கயும் விடுபடல பாருங்க, எனக்கு அந்த மூலையில தப்பிடுச்சு” என்பதுபோன்ற பேச்சு அந்தத் தெருவெங்கும் கேட்கும். பரிசு அறிவிப்பதற்கு முன்னாலேயே பாதிப் பேருக்குத் தங்கள் கோலம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஒரே கட்டம், ஒரே நேரம், ஒரே மாவு. வேறுபாடு கண்ணெதிரே கிடக்கிறது.

தாளில் வரையும் நமக்கு அந்த வாய்ப்பு தானாக வராது, நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஒரே போட்டியில் தோற்ற நான்கைந்து பேர் சேருங்கள். எல்லா வடிவங்களையும் ஒரே அளவில் அச்சடித்துத் தரையில் பரப்புங்கள். முதல் சுற்றில் வரைந்தவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் தங்கள் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும். விளக்கம் சொன்னால்தான் புரியும் என்ற வடிவம் அங்கேயே தன் குறையைக் காட்டிவிடும். தெருவில் அதற்கு விளக்கம் சொல்ல நீங்கள் நிற்கப் போவதில்லையே.

படி 6: காரணத்தைக் கேளுங்கள்

நடுவர்களின் கருத்தைக் கேட்பது உங்கள் உரிமை என்று நினைத்து, மரியாதையாகக் கேளுங்கள். ‘ஏன் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை?’ என்று கேட்டால் பதில் வராது. ‘எந்த அளவுகோல்களுக்கு எவ்வளவு மதிப்பெண் ஒதுக்கினீர்கள்? என் வடிவம் எந்தச் சுற்றுவரை வந்தது?’ என்று இரண்டே கேள்வி கேளுங்கள். அரசு நடத்திய போட்டி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 உங்களுக்குத் துணை. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வெற்றி பெற்றவரைச் சந்தேகப்படும் தொனி அதில் வேண்டாம். உங்கள் நோக்கம் கற்பது. வழக்காடுவது வேறு வேலை.

படி 7: வடிவத்துக்கு அதன் உண்மையான இடத்தைத் தேடுங்கள்

என் ‘ரூ’ நாட்டின் குறியீடாகும் தகுதி பெறவில்லை. ஆனால் அது அழகாக இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அது தமிழ் தெரிந்தவர்களுக்கான விடை என்றால், தமிழ் தெரிந்தவர்கள் கேட்கும் கேள்வி எங்கே இருக்கிறது என்று தேடினேன். இரண்டு ஆண்டு கழித்து, மாட வீதியில் கடை வைத்திருந்த ஒருவர் விலைப் பலகைகளைத் தமிழில் எழுதித் தரக் கேட்டார். கண்ணைத் திறந்துவிட்டேன், ஒரு குறுக்குக் கோட்டை எடுத்துவிட்டேன், வாலைக் குறைத்தேன். காய்கறிக் கடை அக்காக்கள் எழுதிக் காட்டிய ‘ரூ’ அது. அந்தப் பலகைகள் பல ஆண்டு அங்கே நின்றன.

1922இல் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழின் கட்டடத்துக்கு நடந்த போட்டியில் 260க்கும் மேற்பட்ட வரைபடங்கள் வந்தன. பின்லாந்தின் எலியல் சாரினெனுக்குக் கிடைத்தது இரண்டாம் பரிசுதான். அந்த வரைபடம் கட்டப்படவேயில்லை. ஆனால் படிப்படியாக உள்வாங்கி உயரும் அதன் உருவத்தைப் பின்வந்த பல வானளாவிகளில் பார்க்கலாம். அவரும் மறு ஆண்டே அமெரிக்கா சென்று, அங்கே வடிவமைப்புக் கல்வியை வளர்த்தார். போட்டியில் தோற்ற விடை, வேறு கேள்விக்குப் பொருந்தியது.

மறுபடி பயன்படுத்தும் முன் உரிமையைச் சரிபாருங்கள். பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி, நீங்கள் சொந்தமாக வரைந்ததற்கு முதல் உரிமையாளர் நீங்களே. அதை இன்னொருவருக்கு மாற்றித் தர, எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதியிருக்காவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். ஆனால் சில போட்டிகளின் விதித் தாளில், வந்த வடிவங்கள் எல்லாமே நடத்துபவருக்குச் சொந்தம் என்று ஒரு வரி இருக்கும். அதில் கையெழுத்திட்டிருந்தால் நீங்கள் கட்டுப்பட்டவர் ஆகலாம். ஆகவே அந்த வரியை அனுப்பும் முன்பே தேடிப் படியுங்கள். தோற்றவர்களின் உழைப்பையும் வாங்கிக்கொள்ளும் போட்டியில் சேரத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள்.

இந்த வாரப் பயிற்சி

1. நீங்கள் கடைசியாகத் தோற்ற ஒரு வடிவத்தின் உறையை எடுங்கள். இல்லையென்றால் நினைவிலிருந்து மறுபடி வரையுங்கள்.

2. மூன்று பத்தித் தாளை எழுதுங்கள். ‘இடைவெளி’ என்ற பத்தியில் குறைந்தது மூன்று வரி இருக்க வேண்டும். ஒன்றும் எழுத முடியவில்லை என்றால் விதித் தாளை மீண்டும் படியுங்கள்.

3. வென்ற வடிவத்துக்கும் அதே தாளை எழுதுங்கள். ‘பிடித்தது’, ‘பிடிக்கவில்லை’ என்ற சொற்கள் அதில் வரக் கூடாது.

4. எட்டு பாயிண்ட் அளவில் அச்சு, ஐந்து தலைமுறை ஜெராக்ஸ், பத்துப் பேரின் கையெழுத்து. இந்த மூன்றையும் ஒரே தாளில் ஒட்டுங்கள்.

5. கீழே ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: ‘இந்த வடிவம் … என்ற கேள்விக்கு விடை.’

ஐந்தாவதை எழுதிய அன்று உங்கள் தோல்வி முடிந்துவிடும். அதன் பிறகு கையில் இருப்பது ஒரு விடை. அதற்குரிய கேள்வியைத் தேடிப் போக வேண்டியதுதான் மிச்சம்.

எங்கள் கம்பாசிட்டர் பெரியவர் இப்போது இல்லை. அவர் எட்டு பாயிண்டில் அடிக்கச் சொன்ன அந்த பில் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன், அந்தக் கறுப்புப் பொட்டோடு. புதிதாக வரும் ஒவ்வொரு மாணவரிடமும் முதல் நாளே அதைக் காட்டுகிறேன். நீங்களும் உங்கள் தோற்ற வடிவத்தைக் கிழித்துவிடாதீர்கள், ஒளித்தும் வைக்காதீர்கள். உங்களுக்குப் பின்னால் வருபவர்களிடம் அதை எடுத்துக் காட்டுங்கள். இந்த ஊரில் பரிசு வாங்கிய வடிவங்களைப் பார்க்க இடம் நிறைய இருக்கிறது. தோற்றவற்றைத் திறந்து காட்டுபவர்கள்தான் போதவில்லை.